கார் இல்லாமல் கடலோரத்தில் ஓய்வுக்காலம்: போர்ச்சுகலில் ஊர் தேடுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

எஸ்பின்யோவில் நாங்கள் குடியேறி இது மூன்றாவது மழைக்காலம். போர்ட்டோவுக்குத் தெற்கே, ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் இருக்கும் சின்னக் கடலோர ஊர். இதற்குள், "சார், நாங்களும் அங்க வந்துடலாம்னு இருக்கோம், எந்த ஊர் நல்லாருக்கும்?" என்று கேட்டு வந்தவர்கள் ஏழெட்டுக் குடும்பம். சிலரோடு நானே ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். எல்லோரும் தடுமாறிய இடம் ஒன்றுதான்: கடலிலிருந்து தொடங்கினார்கள்.

கடலோர ஊர் எல்லாவற்றிலும் கடல் இருக்கும். அதை வைத்து ஓர் ஊரை இன்னோர் ஊரிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ரயில் நிலையம், மேடு, ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை பஸ், இவைதான் ஊருக்கு ஊர் மாறும். அதனால் கீழே உள்ள வரிசைப்படி ஊர்களைக் கழித்துக்கொண்டே போங்கள், கடல் கடைசியில் வரட்டும். வரிசையைப் புரட்டிப் போட்டால், பிடித்துப்போன ஊருக்குச் சாக்குத் தேட ஆரம்பித்துவிடுவோம். நானும் தேடியவன்தான்.

1. முதலில் உங்கள் கால்களை அளந்துகொள்ளுங்கள்

ஊரைத் தேடும் முன்னால், இப்போது இருக்கும் வீட்டிலேயே இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கே போனீர்கள், எத்தனை மீட்டர், கையில் எவ்வளவு பாரம், எத்தனை படி, எந்த இடத்தில் உட்காரத் தோன்றியது. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும்.

எங்கள் நோட்டில் வந்தது இது: வெறுங்கையோடு என் மனைவி 900 மீட்டர் நிற்காமல் நடப்பாள். 5 கிலோ பை இருந்தால் 400 மீட்டர். படி ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. இது நோட்டுப் போடும்வரை எனக்கே தெரியாது. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும் தெரியாது.

இருவரில் குறைந்தவரின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இன்னொரு கால் பங்கைக் குறையுங்கள், பத்து வருஷத்துக்குச் சேர்த்துத்தானே பார்க்கிறோம். வருகிற எண்தான் உங்கள் வட்டம். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, மளிகை, பஸ் நிறுத்தம் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும்.

வழக்கமான தவறு: "நான் தினம் பெசன்ட் நகர் பீச்சில் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேனே" என்பது. அது விருப்பப்பட்ட நேரத்தில், வெறுங்கையோடு, சமதரையில் நடப்பது. வெங்காயமும் பால் டப்பாவும் தூக்கிக்கொண்டு மழையில் வீடு திரும்புவது வேறு கணக்கு.

2. அனுமதி கிடைக்குமா என்று காகிதத்தில் பாருங்கள்

ஓய்வூதியக்காரர்கள் பெரும்பாலும் போவது டி7 விசாவில். ஓய்வூதியம், வாடகை, வட்டி என்று வேலை செய்யாமலே மாதாமாதம் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். அளவுகோல் அந்நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம்: 2025-இல் 870 யூரோ, 2026-இல் 920 யூரோ. விண்ணப்பிப்பவருக்கு முழுத் தொகை, துணைக்கு அதில் பாதி. ஆக, தம்பதிக்கு 2026-இல் மாதம் 1,380 யூரோ. ஓராண்டுக்கான தொகையை அங்குள்ள வங்கிக் கணக்கில் இருப்பாகக் காட்டுவதும் வழக்கம். இது வாசல்படி மட்டும்தான், இதை வைத்து லிஸ்பன் பக்கம் வாடகை கட்டிச் சாப்பிட முடியாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே தங்க இடம் காட்ட வேண்டும், பொதுவாக 12 மாத வாடகை ஒப்பந்தம். அதாவது ஊரும் தெருவும் வீடும் முடிவான பிறகுதான் விண்ணப்பம். ஊர் பார்க்கப் போவது ஷெங்கன் சுற்றுலா விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா), அதில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். இந்த வரிசை தெரியாமல், விசா வந்ததும் நிதானமாக ஊர் பார்க்கலாம் என்று இருந்தவர்கள், கடைசி வாரத்தில் இணையத்தில் கண்ணில் பட்ட வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை, இனிஷியல். அங்கே எல்லாப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஓய்வூதிய ஆணையில் "கே. எஸ்." என்று இன்னொரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கோயிலில் கல்யாணம் செய்து பதிவு செய்யாமல் விட்டவர்கள் பதிவு செய்து, அப்போஸ்டில் முத்திரையும் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்படி அரசு போட்டுத் தருவது) வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் மாதங்களில்தான் மற்ற வேலைகளை நடத்த வேண்டும்.

வரி பற்றி ஒன்று மட்டும்: வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு இருந்த சலுகைத் திட்டம் 2024-இலேயே புதிதாக வருவோருக்கு மூடப்பட்டுவிட்டது. பழைய வீடியோக்கள் அதையே இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டில் 183 நாளுக்கு மேல் அங்கே இருந்தால் உலக வருமானம் முழுவதும் அவர்கள் கணக்கில் வரும். இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு, இரண்டு பக்கமும் தெரிந்த ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காருங்கள்.

3. ரயில் பாதையை விரித்து வைத்து ஊர்களைக் கழியுங்கள்

இப்போதுதான் வரைபடம். கடற்கரையைப் பார்க்காதீர்கள், தண்டவாளத்தைப் பாருங்கள். பஸ் வழித்தடத்தை ஓர் உத்தரவில் மாற்றிவிடலாம், ரயில் பாதை அப்படி எளிதில் இடம் மாறாது. கார் இல்லாதவனுக்கு அதுதான் உத்தரவாதம்.

முதல் கேள்வி: ஊருக்குள்ளேயே நிலையம் இருக்கிறதா? பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். அல்புஃபெய்ரா என்று பெயர் தாங்கிய நிலையம் ஊரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, ஃபெரெய்ராஸ் என்னும் இடத்தில் இருக்கிறது. பேரலைக்குப் பெயர் போன நசாரேவுக்கு ரயிலே கிடையாது, பக்கத்து நிலையம் வலாடு டோஸ் ஃப்ராடெஸ், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். எரிசெய்ரா, செசிம்ப்ரா, பெனிஷ் மூன்றுக்கும் ரயில் இல்லை. கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி நசாரேவை விடவே மாட்டேன் என்றார்கள். அந்த ஊரில் கீழ்க் கடற்கரையிலிருந்து மேல் ஊருக்கு 1889-இலிருந்து இழுவை ரயில் ஓடுகிறது, பார்க்க அழகுதான். "மருந்து வாங்க எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டேன். அன்றைக்குப் பதில் வரவில்லை, இரண்டு மாதம் கழித்து வேறு ஊரைப் பற்றிக் கேட்டு போன் வந்தது.

இரண்டாவது கேள்வி: மணிக்கு எத்தனை ரயில்? லிஸ்பனின் கைஸ் டு சொட்ரேயிலிருந்து கஷ்கைஷ் வரை கடலை ஒட்டி ஓடும் பாதையில் அடிக்கடி வண்டி உண்டு, கடைசி வரை சுமார் 40 நிமிடம். ஒன்றைத் தவறவிட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் அடுத்தது. தெற்கே லாகுஷிலிருந்து வில்லா ரியால் டி சான்டு அன்டோனியு வரை போகும் அல்கார்வ் பாதை அப்படியல்ல. மணிக்கொன்று வரும் என்று நம்பி நிற்க முடியாது. தவீரா, ஃபாரோ, லாகுஷ் மூன்றும் நல்ல ஊர்கள்தான், ஆனால் ரயில் நேரத்துக்கு உங்கள் நாளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: ரயில் நிற்கும் நாளில் என்ன செய்வீர்கள்? இங்கே ரயில் வேலைநிறுத்தம் விருந்தாளி மாதிரி, சொல்லிவிட்டு அடிக்கடி வரும். அன்றைக்கு ஓட இரண்டாவது வழி வேண்டும், பஸ்ஸோ மெட்ரோவோ. போர்ட்டோவுக்கு வடக்கே போவா டி வார்சிமுக்கு மெட்ரோவின் சிவப்புத் தடமே வருகிறது, ஊரும் சமதரை. லிஸ்பனுக்குத் தெற்கே உள்ள செத்தூபலுக்கு ரயிலும் உண்டு, லிஸ்பன் பஸ்ஸும் உண்டு.

பாஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. லிஸ்பன் பெருநகரப் பகுதியின் 18 நகராட்சிகளுக்கும் சேர்த்து நாவெகான்ட் பாஸ் மாதம் 40 யூரோ, 65 வயதானவர்களுக்கு 20. செத்தூபலும் கஷ்கைஷும் அதில் அடங்கும். போர்ட்டோ பெருநகரத்துக்கு ஆன்டான்ட் என்று இதேபோல ஒன்று, எஸ்பின்யோவும் போவாவும் அதற்குள். ஊர் தேடும்போது அந்தப் பாஸ் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ் கையில் இருந்தால் ஒரு நிறுத்தம் போவதற்குக்கூடக் கூசாமல் ஏறுவீர்கள். காசு கொடுத்து ஏற வேண்டும் என்றால் "நடந்தே போயிடலாமே" என்று தோன்றும், முழங்கால் அன்றைக்குப் போகும்.

4. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

"அந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்பது பதிலாகாது. ஃபிகெய்ரா ட ஃபோஸ் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. நிலையம் ஊருக்குள், கொய்ம்ப்ராவுக்குச் சுமார் ஒரு மணி நேரம், வாடகையும் தாங்கும். பெரிய ஆஸ்பத்திரியும் உண்டு. ஆனால் அது மொண்டேகு ஆற்றின் அக்கரையில், காலா என்ற இடத்தில் இருக்கிறது. பாலத்தைத் தாண்ட வேண்டும், நடக்கிற பாலமல்ல. அங்கேயே கழித்துவிட்டோம். கஷ்கைஷிலும் பெயரை நம்பக் கூடாது, அரசு ஆஸ்பத்திரி கடலோரத்தில் இல்லை, உள்ளே அல்காபிடெஷ் என்னும் இடத்தில்.

எங்கள் ஊரையும் சொல்லிவிடுகிறேன். எஸ்பின்யோவுக்கான பெரிய ஆஸ்பத்திரி பக்கத்து நகரமான கயாவில். இந்தப் படியில் செத்தூபல்தான் எங்களை வென்றது, அங்கே சாவ் பெர்னார்டு ஆஸ்பத்திரி நகருக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் இங்கே வந்ததற்குக் காரணம் ஆறாவது படியில்.

பார்க்க வேண்டியது இரண்டு தூரம். ஒன்று, அடிக்கடி போகும் சுகாதார மையம், இது உங்கள் வட்டத்துக்குள் இருந்தால் நல்லது. இன்னொன்று, வருஷத்துக்கு நாலு முறை போகும் பெரிய ஆஸ்பத்திரி, இதற்கு ஒரே வண்டியில் மாறாமல் போக முடிந்தால் போதும். அவசரத்துக்கு 112 அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், அதற்கு ஊர் பார்க்க வேண்டாம். சங்கடம் இரவு பதினோரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதுதான். போவதற்கு வண்டி வரும், திரும்புவதற்கு யார்?

தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் பார்த்து முடித்தபின் கேட்டால் பிறந்தநாள் தாண்டியிருக்கும்.

5. கால அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள்

இந்தக் கட்டத்தில் கையில் நாலைந்து ஊர்தான் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றின் பஸ் அட்டவணையையும் இறக்கி, பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

"டியாஷ் ஊட்டெய்ஷ்" என்றால் வேலை நாள். "டொமிங்கோஷ் இ ஃபெரியாடோஷ்" என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும். எல்லோரும் கோட்டை விடுவது மூன்றாவதில்: "பெரியோடு எஷ்கொலார்", பள்ளிக்கூடம் நடக்கும் நாள் மட்டும். உள்ளூர் பஸ் பலவும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடுகிறவை. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, லீவு விட்டால் அதுவும் இல்லை. அட்டவணையில் பதினோரு வண்டி என்று எண்ணி வைத்த ஒருவர், டிசம்பர் கடைசியில் நிறுத்தத்தில் நின்றபோது அதில் மூன்றுதான் உயிரோடு இருந்தன.

இன்னொரு பொறி கோடைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் கடற்கரைக்கென்றே தனி பஸ் விடுவார்கள், செப்டம்பர் நடுவில் எடுத்துவிடுவார்கள். படகுக்கும் அப்படித்தான். தவீராவின் கடற்கரை ஊரில் இல்லை, எதிரே உள்ள தீவில் இருக்கிறது. ஊர் நடுவிலிருந்து படகு ஏறி இறங்கியதை வைத்து முடிவு செய்யாதீர்கள், குளிர்காலத்தில் படகுத்துறைக்கே தனியாகப் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஜனவரி மாத ஞாயிறு, மாலை ஆறு மணி. அந்த நேரத்தில் பக்கத்துப் பெரிய நகரத்திலிருந்து வீடு திரும்ப வண்டி இருக்கிறதா? இல்லை என்றால் அந்த ஊரில் கார் இல்லாமல் வாழ முடியாது, மற்ற ஆறு நாளும் எப்படி இருந்தாலும் சரி.

6. மேடும் கல்லும்

மேடு படத்தில் தெரியாது. வீட்டு விளம்பரத்தில் "கடலுக்கு 5 நிமிடம்" என்பது இறங்கும் நேரம், ஏறும் நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

வீட்டில் உட்கார்ந்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம். கூகுள் மேப்பில் வழி கேட்டு, சைக்கிள் குறியை அழுத்துங்கள். எத்தனை மீட்டர் ஏற்றம், எத்தனை மீட்டர் இறக்கம் என்று கோடு போட்டுக் காட்டும். 100 மீட்டர் நடக்க 5 மீட்டர் ஏறினால் பையோடு மூச்சு வாங்கும். 8 மீட்டர் என்றால் அந்தத் தெருவை மறந்துவிடுங்கள். செசிம்ப்ராவில் என் மனைவி பாதி மேட்டில் நின்று, "காய்கறிப் பையோட இதுல தினம் ஏறச் சொல்றீங்களா, இல்ல பட்டினியா இருக்கச் சொல்றீங்களா?" என்றாள். ரயில் இல்லை என்று தெரிந்தும் கடலுக்காக நான் கூட்டிப்போன ஊர் அது.

கல்லை நேரில்தான் பார்க்க வேண்டும். போர்ச்சுகல் நடைபாதைகள் பெரும்பாலும் கைப்பிடி அளவு சுண்ணாம்புக் கற்களைப் பதித்தவை, கல்சாடா என்பார்கள். வருஷக்கணக்கில் செருப்புப் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிடும். வெயிலில் அழகு, நனைந்தால் பாசி படிந்த கோயில் குளத்துப் படி. மரம் உள்ள இடத்தில் வேர் தள்ளி ஒரு கல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே நம் வயதுக்காரர்கள் விழுந்து அடிபட்டதாகக் கேட்பதில் பாதி இந்தக் கல்லில்தான். அகலமான சிமென்ட் நடைபாதையோ கருங்கல் பாளமோ உள்ள தெரு கிடைத்தால், கடல் இரண்டு தெரு தள்ளிப் போனாலும் அதையே எடுங்கள்.

எஸ்பின்யோ எங்களுக்கு வாய்த்தது இதனால்தான். ஊர் முழுக்கச் சதுரங்கக் கட்டம். தெருக்களுக்குப் பெயருக்குப் பதில் எண்: கடலுக்கு இணையாக ஓடுபவை இரட்டைப்படை, கடலை நோக்கிப் போகிறவை ஒற்றைப்படை. 19-ஆம் தெருவில் நடந்தால் கடல், இரட்டைப்படை எண் குறையக் குறையக் கடல் நெருங்குகிறது. வழி தவற முடியாது, வயசான காலத்தில் அது சின்ன விஷயமில்லை. முன்பு ஊரையும் கடலையும் தண்டவாளம் பிரித்திருந்தது. 2008-இல் அதைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்து மணல்வரை ஒரு படிகூட இல்லை.

7. ஜனவரியில் பத்து நாள்

ஆகஸ்டில் போய்ப் பார்ப்பது, கல்யாண வீட்டில் பெண் பார்ப்பது போல. எல்லாரும் பட்டுச்சேலையில் இருப்பார்கள். ஜனவரியில், அதுவும் ஓட்டலில் இல்லாமல் சமையலறை உள்ள வீட்டில், ஓர் ஊருக்குப் பத்து நாள் இருங்கள். நேரம் இல்லையென்றால் ஊர்களைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

வடக்குப் பக்கம் போர்ட்டோவைச் சுற்றி ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்குப் பெய்வதைவிடக் குறைவுதானே என்று நினைக்கலாம். நமக்கு வடகிழக்குப் பருவம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை தூறித் தூறியே தீர்க்கும். துணி காயாது. தெற்கே ஃபாரோ பக்கம் மழை இதில் பாதிதான். எலும்புக்கு எது ஆகும் என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.

அந்தப் பத்து நாளில் இவற்றைச் செய்து பாருங்கள்:

விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிக்காமல், பெட்டிகளோடு ரயிலிலேயே ஊர் போய்ச் சேருங்கள். லிஃப்ட் வேலை செய்யாத நிலையம் அன்றைக்கே தெரியும்.

சக்கரப் பை ஒன்று வாங்கி, ஒரு வாரச் சாமானை ஒரே நடையில் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் திங்கட்கிழமை பெரிய சந்தை. முதல் வாரம் பூசணிக் கீற்றும் கீரைக்கட்டும் உருளைக்கிழங்குமாக ஏற்றிக்கொண்டு வந்தேன். கல்சாடா வந்ததும் சின்னச் சக்கரம் ஒவ்வொரு கல் இடுக்கிலும் மாட்டியது. கீரை விற்கும் பாட்டி அடுத்த வாரம் தன் பையைத் திருப்பிக் காட்டினாள்: பெரிய ரப்பர் சக்கரம், பக்கத்துக்கு மூன்று, படியில் உருண்டு ஏறுவது. ஊரில் வயசானவர்கள் எந்தப் பை இழுக்கிறார்கள் என்று பார்த்தாலே தரை எப்படி என்று தெரிந்துவிடும்.

ஒருவர் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள், மற்றவர் தனியாக மருந்துக்கடை போய்வரட்டும். இரவு நேரத்தில் முறை வைத்து ஒரு கடைதான் திறந்திருக்கும், அது எப்போதும் பக்கத்துக் கடையாக இருக்காது.

இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் அந்த ஊரில் இருக்க முடியுமா என்று ஒரு மாலை பேசிக்கொள்ளுங்கள். பேச இஷ்டமில்லைதான். எங்களுக்கும் இஷ்டமில்லை.

பெஞ்சுகளையும் கழிப்பறைகளையும் எண்ணுங்கள். ஆகஸ்டில் திறந்திருந்த கழிப்பறை ஜனவரியில் பூட்டிக் கிடக்கும். கடலோர ஓட்டல்களிலும் பாதிக்குக் கதவடைப்பு இருக்கும். மிச்சம் எவை திறந்திருக்கின்றனவோ அவைதான் நிஜமான ஊர்.

கடலில் காலை வைத்தும் பாருங்கள். எங்கள் பக்கம் ஆகஸ்டில்கூட 17, 18 டிகிரிதான். நம் மெரினா தண்ணீரை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் கணுக்காலோடு திரும்பிவிடுவார்கள். குளிக்கத்தான் கடல் என்றால் தெற்கே போங்கள்.

8. தெருவை முடிவு செய்தபின் வீடு

பத்தாம் நாள் கையில் ஊர் இருக்காது, நாலைந்து தெரு இருக்கும். அதுதான் சரியான முடிவு. அந்தத் தெருக்களில் மட்டும் வீடு தேடுங்கள்.

லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தாலும் வாசலில் நின்று பாருங்கள். பழைய கட்டடங்களில் தெருவிலிருந்து ஆறேழு படி ஏறிய பிறகுதான் லிஃப்டே ஆரம்பிக்கும். முழங்கால் வீங்கிய நாளில் அந்த ஆறு படி மலை.

ஈரம் இங்கே தனி வியாதி. பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, சுவருக்குள் குளிர் குடியிருக்கும். துணி அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வாசனை ஒரு மூலையில் மட்டும் வந்தால், அங்கேதான் பூஞ்சை. மின்சிக்கனச் சான்றிதழில் ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் போட்டிருப்பார்கள், டி-க்குக் கீழே என்றால் ஈரம் உறிஞ்சும் மெஷின் விலையையும் வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மாதங்களைப் பாருங்கள். கடலோரத்தில் "செப்டம்பர் முதல் ஜூன் வரை" என்று வாடகை மலிவாகக் கிடைக்கும். கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதற்காக ஜூலையில் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், விசாவுக்கும் அது உதவாது. முழு 12 மாதம், வரி அலுவலகத்தில் பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த முதல் வீட்டுக்காரர் பதிவு வேண்டாம், வாடகையில் 50 யூரோ குறைக்கிறேன் என்றார். தரகரும் தலையாட்டினார். அந்த 50 யூரோவுக்கு ஆசைப்பட்டிருந்தால் விசா விண்ணப்பமே நின்றிருக்கும்.

வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். வாங்குவது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

9. காரில்லாத கணக்கு

கார் இல்லை என்றால் காரில் ஏறவே மாட்டோம் என்று அர்த்தமில்லை. டாக்ஸிக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்துவையுங்கள், நாங்கள் 60 யூரோ வைக்கிறோம். அதைச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. நம் தலைமுறைக்கு டாக்ஸி என்றால் ஆடம்பரம், அந்தக் கூச்சத்தில் மழையில் நடந்து விழுந்தவர்கள் உண்டு. காருக்கு ஆகும் தவணை, காப்பீடு, நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த 60 ஒன்றுமே இல்லை. சின்ன ஊர்களில் குளிர்கால இரவில் ஆப் வண்டி கிடைக்காமல் போகலாம், உள்ளூர் டாக்ஸிக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். 2024 அக்டோபரிலிருந்து மாதம் 20 யூரோவுக்குப் பச்சை ரயில் பாஸ் ஒன்றும் உண்டு. உள்ளூர் வட்டார ரயில்களோடு நகரங்களுக்கிடையே ஓடும் இன்டர்சிடாடெஸ் இரண்டாம் வகுப்பிலும் போகலாம், அதிவேக ஆல்ஃபா வண்டியில் செல்லாது. பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு லிஸ்பனின் மார்ட்டிம் மோனிஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பாஸில் போய், ரப்பர் சக்கரப் பையை நிரப்பிக்கொண்டு வருகிறோம்.

10. விண்ணப்பம், பிறகு ஓராண்டு

வீட்டு ஒப்பந்தம் கையில் வந்ததும் இந்தியா திரும்பி டி7-க்கு விண்ணப்பம் போடுங்கள். விசா நான்கு மாதத்துக்கு வரும், அதற்குள் அங்கே போய்க் குடியிருப்பு அட்டைக்கு நேரில் கைரேகை கொடுக்க வேண்டும். முதல் அட்டை இரண்டு ஆண்டுக்கு.

அட்டை வந்ததும் பலர் செய்யும் தவறு, மார்கழிக் கச்சேரிக்கு வந்து பேரன் பிறந்தநாள்வரை சென்னையிலேயே தங்கிவிடுவது. அட்டைக் காலத்தில் தொடர்ந்து 6 மாதமோ, விட்டுவிட்டுச் சேர்த்தால் 8 மாதமோ தாண்டி வெளியே இருந்தால் அனுமதிக்கே ஆபத்து. பயணங்களை எழுதிவையுங்கள். ஓய்வூதிய உயிர்ச்சான்றுக்காக ஓடிவர வேண்டியதில்லை, ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டினால் முடிந்தது.

சென்னை வீட்டை விற்காதீர்கள், குறைந்தது இரண்டு ஜனவரி போகட்டும். இரண்டாவது ஜனவரியில் முதல் படியில் போட்ட அதே நோட்டை மறுபடி போடுங்கள். எங்கள் வீட்டில் 900 மீட்டர் 750 ஆகியிருந்தது. நாங்கள் ஊரை மாற்றவில்லை, 26-ஆம் தெருவிலிருந்து 16-ஆம் தெருவுக்கு மாறினோம்.

அப்படி மாறுவதற்கும் கணக்கு உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம், அதாவது நான்கு மாதம் முடிந்ததும், 120 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வாடகைக்காரர் விலகிக்கொள்ளலாம். குடியேறும் அன்றே அந்தத் தேதியை எண்ணி நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அறிவிப்பைப் பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று வாயால் சொன்னது கணக்கில் வராது.